நான்கு முழ நூல்

முப்பது வயதிலேயே என் பார்வையின் நடுப்பகுதி போய்விட்டது. ஓரங்கள் மட்டும் மிச்சம். எதிரே உட்கார்ந்தவரின் தோள் தெரியும், காது தெரியும். முகம் இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத் திட்டு. இலங்கையில், பதுளை பஜாரில் நான் வேலை பார்த்த ஸ்டூடியோ முதலாளியை நானா என்றுதான் கூப்பிடுவேன். விஷயம் தெரிந்ததும் அவர் நேராகவே சொல்லிவிட்டார்.

"தம்பி, இனி டார்க் ரூம் வேலைய மட்டும் பாருங்க. கேமராவ நான் பாத்துக்கிறேன்."

எனக்குக் கோபம் தலைக்கேறியது. இருட்டறையில் எவனுக்கும்தான் கண் தெரியாது, அதில் என்ன பெருமை? முகம் எடுப்பதுதான் என் தொழில். ஒரே ஒரு படம் எடுக்கிறேன், தேறாவிட்டால் நானே ஒதுங்கிக்கொள்கிறேன் என்றேன்.

கேமராவில் ஒரு நூலைக் கட்டி, நான்கு முழத்தில் முடிச்சுப் போட்டேன். முடிச்சு மூக்கு நுனியைத் தொட்டால் போகஸ் சரி.

தேயிலைத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குப் போய்க்கொண்டிருந்த எழுபதுகளின் காலம் அது. நமுனுகுல பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். மகள் புருஷனோடு கிளம்புகிறாள். தாய் இங்கேயே தங்குகிறார். கொண்டுபோக அம்மாவின் படம் வேண்டுமாம்.

நூல் பட்டதும் அந்த அம்மா சிரித்தார். "என்னா தம்பி, மூக்குக்குச் சட்ட தைக்கப் போறீங்களா?"

ஆனால் "ரெடி" என்றதும், காலைப் பெரட்டில், வேலைக்கு வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும்போது நிற்பதுபோல விறைத்துப்போனார். தோட்டத்து ஆட்கள் எல்லாருமே கேமரா முன்னால் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். முகம் எனக்குத் தெரியாவிட்டாலும் மூச்சு நின்றது காதுக்குத் தெரிந்தது. மகளைக் கேமராவுக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு அம்மாவிடம் கேட்டேன்.

"புள்ளைக்கு வழிக்கு என்னா கட்டிக் குடுக்கப் போறீங்க?"

"ரொட்டி சுட்டு, சம்பல் அரைச்சு..." குரல் தழுதழுத்தது. பிடித்திருந்த மூச்சு வெளியே வந்தது. பட்டனை அழுத்தினேன்.

நானாவுக்கு நம்பிக்கையில்லை. கை முழங்காலில், பார்வை நேராக என்று அவரும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டார். அடுத்த வாரம் மகள் வந்தபோது, எதை யார் எடுத்தது என்று சொல்லாமல் இரண்டையும் மேசையில் வைத்தார்.

"இதுல அம்மா ஒழுங்கா இருக்கு," என்றாள் அவள். "ஆனா இது வேணாங்க. அதக் குடுங்க. வாய் கோணித்தான் இருக்கு, ஒரு கண்ணு பாதி மூடியிருக்கு. அதுலதான் அம்மா என்னையப் பாக்குது."

நானா வெளியே பெஞ்சில் காத்திருந்தவரைக் கூப்பிட்டார்.

"உள்ள போங்க. தம்பி எடுப்பாரு."