புழுக்கொடியல் விற்று வாங்கின பாட்டு

தீவகத்துச் சரவணையில் யாரிடமாவது சிவரூபியைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். முதலில் அவளுடைய பிடிவாதத்தைச் சொல்வார்கள். அடுத்ததாக, காதுக்குள் வயரைச் செருகிக்கொண்டு பனங்காணிக்குள் நிற்கிற மனிசி என்பார்கள். ஐம்பது தாண்டியும் கலியாணம் கட்டாதவள் என்பதைக் கடைசியாக, குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். சொல்லட்டும். உலைவாயை மூடலாம், ஊர்வாயை மூட ஏலுமா? சிவரூபி மூடப் போனதும் இல்லை. தன் காதை மட்டும் மூடிக்கொண்டாள்.

அவளுடைய தொழில் பனங்கிழங்கு. பாத்தி போடுவாள், கிழங்கு கிண்டுவாள், அவித்துக் கிழித்துக் காயவிட்டுப் புழுக்கொடியலாக்குவாள். தனியே செய்கிற வேலை. அந்தக் காணிக்குள் போனில் சிக்னல் கோடு ஒன்றுகூட எழும்பாது. ஆகவே உள்ளங்கை அளவான ஒரு பழைய பிளேயர்தான் அவளுக்குத் துணை. அதற்குள்ளே நாதசுவரமும் தவிலும்.

அந்தப் பாட்டுகள் வந்த விதத்தைச் சொல்லவேண்டும். அவளுடைய அண்ணன் அரியநாயகம் இளவயதிலேயே ரொறன்ரோ போனவர். வீட்டு ஓடு அவர் போட்டது, கிணற்று மோட்டர் அவர் பூட்டியது, குசினியில் நிற்கிற பிரிஜ், அலுமாரியில் மடித்திருக்கிற சேலை எல்லாம் அவருடைய காசு. நல்ல மனிதர், அதில் பொய்யில்லை. ஆனால் பாட்டு மட்டும் அவருடைய காசில்லை. ஊருக்கு வந்து திரும்புகிறவர்களிடம் சிவரூபி புழுக்கொடியல் பொதி கொடுத்துவிடுவாள். ரொறன்ரோவில் அதை அள்ளிக்கொண்டு போவார்கள். காசு அரியநாயகத்தின் கைக்கு வரும். “எனக்கு அனுப்பவேண்டாம் அண்ணை, பாட்டு வாங்குங்கோ,” என்றாள் சிவரூபி. வித்துவான்கள் தங்கள் கச்சேரிகளைத் தாங்களே விற்கிற ஒரு கடை இணையத்தில் இருந்தது. அதில் இவள் தெரிவு செய்வாள், அவர் தன் கார்ட்டால் வாங்குவார், ஊருக்கு வரும்போது ஏற்றிக் கொடுப்பார். தீவாரின் வழக்கம் அதுதானே. எந்தக் கணக்கைத் திறந்தாலும் வெளிநாட்டு அண்ணனின் பெயரில்தான் திறப்பார்கள். இவளும் அந்தப் பிழையைச் செய்தாள்.

“சந்திக் கடையிலை சும்மா ஏத்தித் தருவாங்கள், நீ ஏன் வாங்குறாய்?” என்று அயல்வீட்டு யோகம்மா கேட்டதுண்டு.

“தவில் அடிச்சவன் சும்மாவோ அடிச்சவன்?” என்று சிவரூபி திருப்பிக் கேட்டாள்.

இந்த மாசியில் அரியநாயகம் வந்தார். தங்கைக்குப் பளபளவென்று ஒரு புதுப் பிளேயர் கொண்டுவந்தார். பழையதில் இருப்பதைப் புதியதற்கு மாற்றித் தருகிறேன் என்று வாங்கிப் பையில் போட்டவர், இன்றைக்கு நாளைக்கு என்று இழுத்தார். புறப்படுவதற்கு முதல்நாள் நயினாதீவு அம்மன் கோயிலுக்கு நேர்த்தி வைக்கப் போனார். கிழங்கு காய்ந்துகொண்டிருந்ததால் இவள் போகவில்லை. பின்னேரம் முகமெல்லாம் விபூதியும் சிரிப்புமாகத் திரும்பி வந்தார்.

“பழசை ரஜீபனுக்குக் குடுத்திட்டன் பிள்ளை. எங்கடை பெரியம்மாவின்ரை பேரன். குறிகட்டுவானிலை வள்ளத்துக்கு நிக்கேக்கை கண்டனான், ஆசைப்பட்டுக் கேட்டான். உள்ளுக்கை கிடந்ததெல்லாத்தையும் துடைச்சு, புதுசு மாதிரிக் குடுத்தனான்.”

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். கடைக்காரியிடம் ஒரு சொல் கேட்கவும் இல்லை.

“என்ரை பாட்டு?” என்றாள் சிவரூபி.

“புதுசிலை ஆயிரக்கணக்கிலை கிடக்கு. நானே பாத்துப் பாத்துப் போட்டனான்.”

“அது உங்கடை பாட்டு. நான் கேட்டது என்ரை.”

“பாட்டிலை என்ன உன்ரை என்ரை? கணக்கே என்ரை பேரிலைதானே கிடக்கு,” என்று சொல்லி அவர் சிரித்தார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“வாங்கினதைக் கடை திரும்பத் தருமோ, தராதோ?”

“தரும். ஆனால் அந்தப் பழைய லப்டொப்பும் இல்லை, பாஸ்வேட்டும் மறந்துபோச்சு. ரொறன்ரோ போய்ப் பாத்து அனுப்புறன்.”

ரொறன்ரோ போய்ப் பார்க்கிறேன் என்று அவர் சொன்னவை ஏராளம். ஒன்றும் திரும்பி வந்ததில்லை. சிவரூபி எழுந்து போனாள்.

மறுநாள் கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போக வாடகை வான் வந்து வாசல் படலையில் நின்றது. இங்கேதான் ஒரு விசயம் இருக்கிறது. எங்களுடைய ஆட்கள் முழுவியளம் பாராமல் தூரப்பயணம் புறப்படமாட்டார்கள். ராசியான ஒருவர் நிறைகுடத்தோடு எதிரே வரவேண்டும். அரியநாயகம் முதன்முதல் புறப்பட்ட அன்று எதிரே வந்தது தங்கை. ஒரு தடையும் இல்லாமல் போய்ச் சேர்ந்தார். ஒருமுறை அவள் காய்ச்சலில் கிடக்க வேறொருத்தி வந்தாள். ஏறின பிளேன் பாதி வழியில் திரும்பிவிட்டது. அன்றிலிருந்து சிவரூபி எதிரே வராமல் அந்த மனிதர் படலை தாண்டுவதில்லை.

அன்றைக்குக் குடம் குசினியில் கவிழ்ந்து கிடந்தது. பக்கத்தில் பலகை போட்டு, காலை நீட்டிக்கொண்டு சிவரூபி இருந்தாள்.

“பிள்ளை, நேரம் போகுது. தண்ணியை எடுத்துக்கொண்டு வா.”

“பாட்டு ஏறட்டும், வாறன்.”

“விசர்க்கதை கதையாதை.”

“விசரிதான். விசரியை முழுவியளத்துக்குக் கூப்பிடலாமோ?”

வழியனுப்ப வந்திருந்த யோகம்மா நடுவே புகுந்தாள். “தானம் தந்த மாட்டைப் பல்லைப் பிடிச்சுப் பாக்கிறதே, ரூபி?”

“இது தானமில்லை அக்கா. நான் வாங்கின மாட்டை அவிட்டு ஊருக்குக் குடுத்திட்டு, தன்ரை மாட்டைக் கொண்டுவந்து கட்டியிருக்கிறார்.”

அரியநாயகம் கோபத்தோடு படலைவரை போனார். ஒரு காலைத் தூக்கினார். தூக்கிய காலை வெளியே வைக்க மனம் வரவில்லை. திரும்பி வந்து தன் புது லப்டொப்பை எடுத்தார்.

முற்றத்து மாமரத்தடியில்தான் கோடு எழும்பும். கதிரையைப் போட்டு அங்கே இருந்தார்கள். பாஸ்வேட்டை மாற்ற ஒரு இலக்கம் வரவேண்டும். அது அவருடைய மனைவியின் போனுக்குத்தான் போகுமாம்.

“அங்கை எல்லாரும் நித்திரை,” என்றார் அரியநாயகம்.

“எழுப்புங்கோ.”

“அண்ணி ஏசுவா.”

“ஏசட்டும். நான் ஒரு முழு இரவு நித்திரை கொள்ளேல்லை. அவவுக்கு ஒரு நிமிசம்.”

அண்ணி ஏசியது வான் சாரதிவரைக்கும் கேட்டது. ஆனாலும் இலக்கத்தைச் சொன்னாள். பக்கம் திறந்தது. வாங்கியவை எல்லாம் வாங்கிய ஒழுங்கிலேயே கிடந்தன. சிவரூபி குனிந்து பார்த்தாள். ஒவ்வொன்றும் எந்த வருசக் கிழங்கில் வந்தது என்று அவளுக்குத் தெரியும். கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொண்டாள். அவ்வளவையும் இறக்கி, வயரைப் பூட்டி, புதுப் பிளேயரில் ஏற்றப் பார்த்தால் இடமில்லை என்று காட்டியது.

“உங்கடையை அழியுங்கோ,” என்றாள்.

அரியநாயகம் நிமிர்ந்தார். இவ்வளவு நேரமும் இருந்த கோபம் போய், முகம் வாடிவிட்டது. “உனக்கெண்டு ஒரு கிழமையா இருந்து தெரிஞ்செடுத்தனான் பிள்ளை. உனக்கு நான் என்ன குறை வைச்சனான்?”

“ஒரு குறையும் வைக்கேல்லை அண்ணை,” என்றாள் சிவரூபி. “ஓடு தந்தனீங்கள், மோட்டர் தந்தனீங்கள், சீலை தந்தனீங்கள். நானா வாங்க நீங்கள் ஒண்டும் மிச்சம் வைக்கேல்லை. இது ஒண்டுதான் நான் வாங்கினது. அதையும் துடைச்சுப்போட்டு வந்து சிரிக்கிறியள்.”

யோகம்மா மண்ணைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அரியநாயகம் திரைப் பக்கம் திரும்பினார். பிறகு, தான் தெரிந்தெடுத்த பாட்டுகளை அழித்தார். இவளுடையவை ஒவ்வொன்றாக ஏறின.

“கணக்கையும் என்ரை பேருக்கு மாத்துங்கோ.”

“ஏன், நான் செத்துப்போவன் எண்டோ?”

“நீங்கள் உயிரோடை இருக்கேக்கைதானே எல்லாம் போனது.”

அவர் பெயரை மாற்றினார், அவளுடைய மெயிலைப் போட்டார். புதுப் பாஸ்வேட்டை அவளே அடித்தாள். கேட்காமலே அண்ணன் மறுபக்கம் திரும்பி நின்றார்.

அதன் பிறகுதான் சிவரூபி குடத்தை நிமிர்த்தினாள். கிணற்றடிக்குப் போய்த் தளும்பத் தளும்ப நிறைத்துக்கொண்டு, தெரு ஒழுங்கைப் பக்கமாகச் சுற்றிப் படலைக்கு எதிரே வந்தாள். காதில் வயர் இருந்தது. அரியநாயகம் வலது காலை எடுத்து வைத்து வெளியே வந்தார். வானில் ஏறப் போனவர் நின்று, அவளுடைய ஒரு காதிலிருந்து வயரைக் கழற்றித் தன் காதில் வைத்துப் பார்த்தார். வைத்தவர் எடுக்கவில்லை. சாரதி ஹோர்ன் அடித்தான். அப்போதும் எடுக்கவில்லை.

“இவ்வளவு காலமும் வாங்கித் தந்தனான், ஒரு நாளும் கேட்டதில்லை,” என்றார். “இதை எனக்கும் ஒருக்கால் ஏத்தி விடன் பிள்ளை.”

சிவரூபி குடத்தை இடுப்பில் மாற்றிக்கொண்டு வயரைத் திருப்பி வாங்கினாள்.

“வாங்குங்கோ அண்ணை,” என்றாள். “கடை உங்களுக்குத் தெரியுந்தானே.”