மணல் நிறக் கொழுக்கட்டை

விளையாட்டை உருவாக்கியவர்கள் அந்த ஜந்துவுக்கு வைத்த பெயர் எங்கள் வீட்டில் யார் வாயிலும் நுழையவில்லை. ஒன்பது வயதில் என் மகள் அதற்குக் கொழுக்கட்டை என்று பெயர் வைத்தாள். பார்த்தால் நீங்களும் அதைத்தான் வைப்பீர்கள். உருண்டையாக, வெள்ளையாக, கழுத்து என்று ஒன்று இல்லாமல், தலையில் இரண்டு இலையோடும் குட்டையான நீலக் கால்களோடும் இருக்கும். தட்டினால் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி உட்காரும். வேறு வேலை தெரியாது. போனைக் கையில் பிடித்துக்கொண்டு தெருத்தெருவாக நடந்து, திரையில் எதிர்ப்படுகிற ஜந்துக்களைப் பிடித்துச் சேர்க்கிற விளையாட்டு அது. வேலையத்தவர்கள் விளையாட்டு என்று நான் சொன்னேன். அப்படிச் சொன்ன நான்தான் பிறகு நான்கு வருடம் விளையாடினேன்.

என் கணவர் சவூதியில் வேன் ஓட்டுகிறார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பத்தைந்து நாள் லீவு. மகளுக்கு ஒன்பது வயதாக இருந்தபோது வந்த லீவில் அவர்தான் அந்த விளையாட்டை ஏற்றினார், தன் போனில் ஒன்று, என் பழைய போனில் மகளுக்காக ஒன்று. சாயங்காலம் அஸர் தொழுதுவிட்டு இருவரும் கிளம்பிவிடுவார்கள். எங்கள் ஊர் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கம். தெருமுனை தாண்டிப் பத்து நிமிடம் நடந்தால் வாய்க்கால், அதில் ஒரு பழைய மதகு, அதற்கு அந்தப் பக்கம் வயல். யாரோ ஒரு புண்ணியவான் அந்த மதகைப் போட்டோ பிடித்து விளையாட்டில் ஓர் இடமாகச் சேர்த்திருந்தார். அங்கே போய் நின்று விரலால் சுழற்றினால் ஒரு கிஃப்ட் கிடைக்கும், மதகின் படத்தோடு. அதை நாம் வைத்துக்கொள்ள முடியாது. வேறு ஊரில் விளையாடுகிற ஒருவருக்குத்தான் அனுப்ப முடியும்.

அந்த ஜந்துவில் மணல் நிறத்தில் ஒரு வகை உண்டு, பாலைவன நாடுகளில் மட்டும் கிடைக்கும். "அத்தா புடிச்சுட்டு வர்றேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் போனார். போன மூன்றாம் மாதமே பிடித்தும் விட்டார். ஆனால் அனுப்ப முடியாது. இரண்டு போனும் பக்கம் பக்கமாக இருந்தால்தான் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு மாற்றிக்கொள்ள முடியும் என்பது விளையாட்டின் சட்டம். ஆகவே அது அவர் போனிலேயே இருந்தது. அடுத்த லீவு வரைக்கும் தினம் ஒரு கிஃப்ட் அனுப்பிக்கொள்வது என்று அத்தாவும் மகளும் பேசி வைத்துக்கொண்டார்கள்.

மகள் ஐந்து மாதம் அனுப்பினாள். ஆறாம் வகுப்புக்குப் போனதும் நிறுத்திவிட்டாள். எந்தக் காரணமும் இல்லை. ஆசை தீர்ந்துவிட்டது, அவ்வளவுதான். நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

அந்த வாரம் அவர் போனில் கேட்டார். "புள்ளைக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? நாலு நாளா கிஃப்ட்ட தொறக்கவே இல்லையே."

"பரீட்சைங்க" என்றேன். பரீட்சை ஒன்றும் இல்லை. போனை வைத்தபின் பழைய போனைத் தேடி எடுத்துத் திறந்து பார்த்தேன். அவர் அனுப்பியது வரிசையாக இருந்தது. ஒன்று அவர் தங்கியிருந்த தெருவின் பள்ளிவாசல், இன்னொன்று ஒரு ரவுண்டானா, மற்றொன்று ஏதோ பூங்காவில் நிற்கும் கல் ஒட்டகம். ஒவ்வொன்றாகத் திறந்தேன். மறுநாள் மீன் வாங்கப் போகும்போது போனையும் எடுத்துப் போய், எங்கள் பள்ளிவாசல் மினாராவிடம் ஒரு கிஃப்ட் வாங்கி அனுப்பினேன். பரீட்சை முடியும் வரைக்கும் என்று வைத்துக்கொண்டேன்.

எங்கள் ஊரில் அப்படி ஆறு இடங்கள் இருந்தன. மினாரா, பெருமாள் கோயில் தேர்முட்டி, நூலகம், பஸ் ஸ்டாண்டுச் சிலை, ஒரு தண்ணீர்த் தொட்டி, மதகு. புர்கா போட்ட பெண் ஒருத்தி தேர்முட்டி முன்னால் நின்று போனில் விரலைச் சுழற்றினால் ஊர் சும்மா இருக்குமா? ஒரு வாரத்தில் மாமியார் காதுக்குப் போய்விட்டது. "தேரடில யாரைப் பாக்கப் போற?" என்று கேட்டார். அவர் மகன் அனுப்பிய படங்களையும் கொழுக்கட்டையையும் காட்டினேன். மாமி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். "அல்லாஹ், இது என்ன இப்படி முழிக்குது" என்றார். பிறகு அதைப் பற்றி ஒருநாளும் கேட்டதில்லை. அவருக்கும் மகன் தினம் அனுப்புகிற படம் வேண்டியிருந்தது என்று நினைக்கிறேன்.

மதகில் வேறு மாதிரி. அங்கே போனும் கையுமாக யார் நின்றாலும் ஒரே அர்த்தம்தான். சைக்கிளில் போகிற ஒரு பெரியவர் இறங்கி நின்று கேட்டார், "மேட்டூர் எப்ப தொறக்குறாங்கன்னு போட்டிருக்காம்மா?" நான் திரையைப் பார்த்துக்கொண்டே, "இன்னும் போடலைங்க" என்றேன். மறுவாரமும் கேட்டார். எதற்குப் பொய் என்று, மதகுக்குக் கிளம்புமுன் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்து வைத்துக்கொள்ள ஆரம்பித்தேன். நான் பொதுப்பணித் துறையில் ஏதோ வேலை பார்க்கிறேன் என்று அவர் இன்றுவரை நம்பிக்கொண்டிருக்கிறார். அணையை மூடிய மாதங்களில் வாய்க்காலில் ஆடு மேயும். போனில் மட்டும் பன்னிரண்டு மாதமும் அது நீலமாகவே ஓடும். நீர்ஜந்துக்கள் வறண்ட வாய்க்காலில் துள்ளிக் குதிக்கும். மகள் கணக்கில் நான் பிடித்த அந்த ஜந்துக்களைத் தன் போனில் பார்த்துவிட்டு ஒரு முறை என் கணவர், "தண்ணி வந்துருச்சு போலயே" என்று சந்தோஷப்பட்டார்.

சொல்லிவிடலாம் என்று பல முறை இருந்தேன். மகளே சொன்னாள்.

"சொல்லிடும்மா. எனக்கு ஒரு மாதிரியா இருக்கு."

"அடுத்த வாரம் சொல்றேன்."

வெள்ளிக்கிழமை அவர் கூப்பிடுவார். ஸலாம் சொன்னதும் மகளிடம் கேட்கிற முதல் கேள்வி, "கொழுக்கட்டை எப்படி இருக்கு?" அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நல்லா இருக்குத்தா" என்பாள். நெற்றியும் ஒரு கண்ணும் மட்டும் தெரிகிற மாதிரி போனைப் பிடித்திருப்பாள். அதற்குமேல் இருவருக்கும் பேச ஒன்றும் இருக்காது. போன் என் கைக்கு வந்துவிடும். பிறகு அவர் என்னிடம் ஒரு தடவை சொன்னார், "புள்ள பேச மாட்டேங்குது. வயசு அப்படி. ஆனா ஒரு நாள் தவறாம என்னை நெனைச்சுக்குது பாரு. அது போதும் எனக்கு." இதைக் கேட்ட பிறகு எந்த வாயால் சொல்வது? மறுநாள் வெயிலில் மதகுக்குப் போனேன்.

இரண்டாம் வருடம் வர வேண்டிய லீவு, கம்பெனி கைமாறியதில் போயிற்று. அடுத்தது, பதில் ஆள் கிடைக்கவில்லை என்று தள்ளிப்போயிற்று. அவர் வந்தபோது மகளுக்குப் பதின்மூன்று நடந்துகொண்டிருந்தது. திருச்சி விமான நிலையத்தில் அவர் அவளைத் தூக்கக் கை நீட்டி, பாதியில் நிறுத்தி, தலையில் கை வைத்தார்.

வெளிநாட்டிலிருந்து வந்தவர் பெட்டியைப் பிரிப்பது எங்கள் தெருவில் ஒரு சடங்கு மாதிரி. வந்த மறுநாள் காலை, பசியாறிய பிறகு, நாத்தனார்கள் வந்து உட்கார்ந்த பிறகுதான் கயிற்றை அறுக்க வேண்டும். தைலம், சென்ட், பேரீச்சம்பழம், பால் பவுடர், கம்பளி, வீட்டுக்கு ஒரு பங்கு. எல்லாம் முடிந்து, அடியில் இருந்த பெரிய பையை அவர் கடைசியாக எடுத்தார். அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. உள்ளே ஒரு கொழுக்கட்டைப் பொம்மை இருந்தது, தலையணை அளவுக்கு. அதே படம் போட்ட பள்ளிக்கூடப் பை. அதே படம் போட்ட ஒரு கவுன், பத்து வயதுப் பிள்ளை போடுகிற அளவு.

மகள் மூன்றையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். "தேங்க்ஸ்த்தா" என்றாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியிடம் சொல்கிற குரலில் சொன்னாள். என் சின்ன நாத்தனார் சிரிப்பை மறைக்க முக்காட்டை இழுத்துக்கொண்டாள். தப்பு அவர் மேல் இல்லை. நான்கு வருடமாக அவருக்குத் தினமும் ஒன்பது வயதுப் பிள்ளையை அனுப்பிவைத்தது நான்.

"போனை எடுத்துட்டு வா, மாத்திக்கலாம்" என்றார். மணல் நிறத்தது அவர் திரையில் தயாராக நின்றது.

மகள் போனை எடுத்து வந்தாள். திறந்தாள். எங்கே தொடுவது என்று அவளுக்குத் தெரியவில்லை. எதையோ அழுத்த, விளையாட்டில் பொருள் வைக்கிற பை திறந்தது. மூடினாள். வேறெதையோ அழுத்தினாள். நான் வாயைத் திறக்குமுன் அவர் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அத்தா, நான் இதத் தொட்டே ரொம்ப வருஷம் ஆச்சு. அம்மாதான் விளையாடுது."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "அப்படியா" என்றார். போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு குளிக்கப் போய்விட்டார். நாத்தனார்கள் அவரவர் பங்கை எடுத்துக்கொண்டு கிளம்பினார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட, அன்றைக்குச் சோறு பரிமாறும்போது அவர் வழக்கம்போல நல்லவிதமாகப் பேசியதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

நான்கு நாள் கழித்து மகள் அவரிடம் போய் நின்றாள். "அத்தா, சாயங்காலம் எங்க ஸ்கூலுக்கு வர்றீங்களா? மேட்ச் இருக்கு." என்னைக் கூப்பிடவில்லை. நான் பின்னாலேயே போனேன்.

பூப்பந்து. மஞ்சள் நூல் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர். ஒன்றரை வருடமாக ஆடுகிறாள். தாலுகா அளவில் ஜெயித்த ஒரு கப்பும் வீட்டு அலமாரியில் இருக்கிறது. அவருக்கு இதை நான் ஏதோ ஒரு வரியில் சொல்லியிருப்பேன், கிஃப்ட் பேச்சுக்கு நடுவில். மைதானத்தின் ஓரம் வேப்பமரத்தடியில் நின்றோம். மகள் வலைக்குப் பின்னால் கடைசி வரிசையில் நின்றாள். பந்து அவள் பக்கம் வந்தது. எகிறி அடித்தாள்.

என் கணவர் மரத்தடியை விட்டு ஓர் அடி முன்னால் வந்தார். பிறகு, "இடது கையிலயா அடிக்கிறா?" என்றார்.

"ஆமாங்க."

"எப்பலேர்ந்து?"

"எப்பவுமே அவளுக்கு இடது கைதாங்க. மாமிதான் சாப்பிடுறது, எழுதுறது எல்லாத்தையும் வலது கைக்கு மாத்துனாங்க. பந்து விஷயத்துல யாரும் மாத்தல."

அவர் மூன்று முறை லீவில் வந்து அவளோடு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார், வீட்டுப்பாடம் எழுதப் பார்த்திருக்கிறார். அவர் பார்த்ததெல்லாம் வலது கையைத்தான். பிள்ளைக்கு இடது கைப் பழக்கம் என்பது தெருவில் எல்லோருக்கும் தெரியும், மீன்காரருக்குக்கூட. அவருக்கு மட்டும் யாரும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் நான். வெள்ளிக்கிழமை தவறாமல் அவரோடு பேசிய நான், கொழுக்கட்டை என்ன சாப்பிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"எம் புள்ளைக்கு எது நல்ல கைன்னு எனக்குத் தெரியல" என்றார். என்னைத் திட்டியிருந்தால் தேவலை.

அன்று மகள் அணி தோற்றது. அவர் அவள் மட்டையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு வந்தார். வழியெல்லாம் கேள்விகள். கடைசி வரிசையில் ஏன் நின்றாய், எதிர் அணியில் அந்த உயரமான பிள்ளை எந்த ஊர், தோள் வலிக்காதா. அவள் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். நான் சில அடி பின்னால் வந்தேன். மதகைத் தாண்டும்போது என் கை தானாகப் போனை எடுத்தது. திரும்ப உள்ளே வைத்துக்கொண்டேன்.

லீவு முடிந்து போனார். போன பிறகு வந்த முதல் வெள்ளிக்கிழமை கூப்பிட்டார். ஸலாம் சொல்லிவிட்டு மகளிடம் கேட்டார், "தோளு எப்படி இருக்கு?" மகள் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். முழு முகத்தையும் காட்டிப் பேசுகிறாள் என்பது கதவு மூடும் முன் தெரிந்தது. அரை மணி நேரம் ஆயிற்று. எனக்குச் சந்தோஷம்தான், பொய் சொல்லவில்லை. வெளியே உட்கார்ந்து பழைய போனைத் திறந்தேன். கொழுக்கட்டை ஒரு சுற்றுச் சுற்றி உட்கார்ந்தது. கிஃப்ட் எதுவும் வந்திருக்கவில்லை.

அவர் அனுப்பியதெல்லாம் மகளுக்குத்தான் என்று எனக்கு முதல் நாளே தெரியும். தெரிந்தும், நான்கு வருடம் தினமும் ஒரு மனிதர் எங்கோ ஒரு தெருவில் நின்று எனக்கு எதையோ அனுப்பிக்கொண்டிருந்தார் என்று உடம்பு பழகிவிட்டிருந்தது. நாற்பத்தைந்து நாளில் எந்த நாளும் அவர் அதைப் பற்றி என்னிடம் கேட்கவில்லை. மணல் நிறத்தது இன்னும் அவர் போனில்தான் இருக்கிறது. நானும் கேட்கவில்லை.

மறுநாள் காலை மதகுக்குப் போனேன். சைக்கிள் பெரியவர் நின்று நீர்மட்டம் கேட்டார், சொன்னேன். அவர் போன பிறகு விரலால் சுழற்றி ஒரு கிஃப்ட் எடுத்து அனுப்பினேன். விளையாட்டில் பெயரை மாற்றிக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. அனுப்புமுன் மகள் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டிருந்தேன். இரண்டு வாரமாகிறது. இன்னும் திறக்கவில்லை.