‘போகாதே’ என்கிற பொத்தான்

உலகின் தென்கோடியில் இருக்கும் பிளஃப் துறைமுகத்துச் சிப்பிக் கொட்டகையில் ரேவின் டோப்ஸின் வாய்க்குப் பயப்படாதவர்கள் யாருமில்லை. அறுபத்தொரு வயது. நாற்பது பருவம் ஒரே மேசை முன்னால் நின்று சிப்பி உடைத்துச் சதை எடுத்தவள். மேஸ்திரி டெஸ்கூட அவளிடம் பேசுவதற்கு முன்னால் ஒரு தரம் தொண்டையைச் செருமிக்கொள்வான். கணவன் என்று ஒருத்தன் இருந்தான். ஆஸ்திரேலியாவுக்குச் சுரங்க வேலைக்குப் போனவன் அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டான். கேட்டால், "போனவன் தன் நாற்காலியையும் தூக்கிட்டுப் போயிருக்கலாம், உக்காந்தாலே கிறீச்சிடுது" என்பாள். அதற்குமேல் அவள் அவனுக்காக அழுது யாரும் பார்த்ததில்லை.

இப்பேர்ப்பட்டவள் ஒரு கைபேசி விளையாட்டில் போய் விழுந்தாள் என்றால் யார் நம்புவார்கள்? விழுந்தாள். பக்கத்து மேசை கோலீன்தான் அதைக் கொண்டுவந்தது. பெயர் ‘ஒன்பதாம் நிலவு’. விளையாட்டு என்று பெயரே தவிர, கதைதான். ஆளில்லாத விண்வெளியில் ஒரு கப்பல். அதில் நீங்கள் ஒரு மருத்துவர். கப்பலை ஓட்டுகிறவன் ஒருத்தன். கொஞ்சம் முரடன், கொஞ்சம் கூச்சக்காரன். அவன் ஏதாவது சொல்வான், கீழே இரண்டு பொத்தான் வரும், உங்களுக்கு எந்தப் பதில் பிடிக்கிறதோ அதை அழுத்த வேண்டும். அதன்படி காதல் வளரும், அல்லது முறுக்கிக்கொள்ளும். அவனுக்கு நீங்களே பெயர் வைக்கலாம். கோலீன் தன் நாயின் பெயரை வைத்தாள், பிஸ்கட். ரேவின் மேஸ்திரியின் பெயரை வைத்து, டெஸ் வரும்போதெல்லாம், "நேத்து நீ எங்கிட்ட மண்டி போட்டு அழுதே தெரியுமா?" என்று கேட்டு அவனைச் சிவக்க வைத்தாள்.

ஒரே மாதத்தில் கொட்டகையில் முப்பது பெண்களும் அதே பைத்தியம். பத்து மணித் தேநீர் இடைவேளையில் ஒரே கூச்சல்.

"அடியே, அவன் கையைப் பிடிச்சிட்டான்டீ!"

"எந்த அத்தியாயம்? சொல்லாதே, சொல்லாதே, நான் அங்க வரல!"

யாரோ ஒருத்தி முத்தத்தை முன்கூட்டியே உளறிவிட்டாள் என்று பெரிய சண்டை வந்தது. அப்போதுதான் ரேவின் சட்டம் போட்டாள். அடுத்தவள் இன்னும் போகாத இடத்தைப் பற்றி எவளாவது மூச்சு விட்டால், மறுநாள் முப்பது பேருக்கும் சீஸ் வைத்துச் சுருட்டிய ரொட்டியான சீஸ் ரோல் சுட்டுக்கொண்டு வர வேண்டும், வெண்ணெய் தாராளமாக. மூன்று பேர் சுட்டார்கள். அதற்குப் பிறகு வாய்கள் பூட்டிக்கொண்டன.

பதினான்காம் அத்தியாயம் வந்ததும் எல்லாரும் ஒரு வாரம் துக்கம் காத்தார்கள். கப்பலின் வெளிப்பக்கம் ஏதோ பழுது. ஓட்டுகிறவன் தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகே நின்று, "சொல், போகட்டுமா?" என்று கேட்பான். கீழே இரண்டு பொத்தான்: ‘போய் வா’, ‘போகாதே’. எதை அழுத்தினாலும் அவன் போவான். போனவன் திரும்ப மாட்டான். ‘போகாதே’யை அழுத்தினால் ஒரு தரம் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவான். வித்தியாசம் அவ்வளவுதான்.

அந்தச் சமயத்தில்தான் மெரே வேலைக்குத் திரும்பினாள்.

மெரேயின் கணவன் ஹெமி மீன்பிடிப் படகில் வேலைக்குப் போனவன். போன வருடம் நீரிணையில் படகு கவிழ்ந்தது. மூன்று பேரில் இரண்டு பேரின் உடல் கிடைத்தது. ஹெமி கிடைக்கவில்லை. ஊரே கரை நெடுக ஒன்பது நாள் நடந்து தேடியது. பிறகு தேடுவதை நிறுத்தினார்கள், மெரே பேசுவதை நிறுத்தினாள். முப்பத்தெட்டு வயதுக்காரி, ஆறு வயதில் ஒரு பெண். எட்டு மாதம் கழித்து வந்து மேசை முன் நின்றபோது சிப்பிக் கத்தி அவள் கையில் ஆடியது. என்ன செய்வது என்று தெரியாமல் ரேவின் மெரேயின் கைபேசியை வாங்கி விளையாட்டை ஏற்றிக் கொடுத்தாள்.

"சும்மா பாரு கண்ணு, கொஞ்ச நேரம் போகும்."

"பேர் கேக்குதே ஆன்ட்டி?"

"உனக்கு என்ன தோணுதோ அதைப் போடு."

மெரே விரலால் தட்டினாள். ஹெமி.

கத்திகள் நின்றன. வானொலி மட்டும் பாடிக்கொண்டிருந்தது. முப்பது பேருக்கும் பதினான்காம் அத்தியாயம் தெரியும். கோலீன் ரேவினைப் பார்த்தாள். சட்டம் போட்டவள் அவள்தானே, அவள் சொல்லட்டும் என்று எல்லாரும் பார்த்தார்கள். ரேவின் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். சீஸ் ரோலுக்குப் பயந்தா? இல்லை. அந்த முகத்தைப் பார்த்து, ‘அவன் மறுபடியும் சாவான்’ என்று எந்த வாயால் சொல்வது?

அதற்குப் பிறகு கொட்டகையில் ஒரு செத்தவன் நடமாட ஆரம்பித்தான். விளையாட்டைத் திறக்காமல் விட்டால், அவன் கூப்பிடுவதுபோல் கைபேசியில் செய்தி வரும், எல்லாருக்கும் வருவதுதான். பிஸ்கட் கூப்பிட்டால் சிரிப்பு வரும். மெரேயின் கைபேசி மேசையில் மல்லாந்து கிடக்கும், ஈரக் கையோடு எல்லாரும் வேலையில் இருக்கும்போது திடீரென்று ஒளிரும்.

*ஹெமி: எங்கே இருக்கிறாய்? இங்கே ரொம்பக் குளிர்.*

ரேவின் பக்கத்தில் நின்று அதைப் படிப்பாள். சட்டென்று கண்ணைத் திருப்பிக்கொள்வாள். மெரேயோ கையைத் துடைத்துக்கொண்டு, "இதோ வரேன்டா" என்று மெல்லச் சொல்வாள். அவள் சாப்பிட ஆரம்பித்தாள். ஒரு நாள் சிரிக்கக்கூடச் செய்தாள். அது ரேவினை இன்னும் பயமுறுத்தியது.

"எத்தனையாவதுல இருக்கே கண்ணு?" என்று நாலு நாளுக்கொரு தரம் கேட்பாள்.

"பதினொண்ணு ஆன்ட்டி. மெதுவாத்தான் போறேன்."

பதினொன்று. இன்னும் மூன்று. ரேவினுக்குச் சோறு இறங்கவில்லை. விளையாட்டின் ரசிகர்களுக்கென்று இணையத்தில் ஒரு பக்கம் உண்டு. ‘சிப்பிக்காரி’ என்ற பெயரில் அவளும் அங்கே அவ்வப்போது சண்டை பிடிப்பாள். அன்று உட்கார்ந்து எழுதினாள்: ‘ஐயா, விளையாட்டைச் செய்தவர்களே, எதை அழுத்தினாலும் அவன் சாவான் என்றால் எதற்கு இரண்டு பொத்தான்? எங்களை வைத்து வேடிக்கை பார்க்கிறீர்களா? போகாதே என்று ஒருத்தி சொன்னால், அந்தச் சொல்லுக்கு ஒரு மதிப்பு வேண்டாமா?’

பற்றிக்கொண்டது. மணிலாவிலிருந்து ஒருத்தி, பெர்த்திலிருந்து ஒருத்தி, எங்கெங்கிருந்தோ ஆயிரக்கணக்கில் வந்து கீழே எழுதினார்கள். ‘நான் மூன்று நாள் அழுதேன்.’ ‘என் மகள் இன்னும் என்னோடு பேசவில்லை, நான்தான் இதைக் கொடுத்தேன்.’ ‘சிப்பிக்காரி சொன்னதுதான் சரி, சொல்லுக்கு மதிப்பு வேண்டும்.’ மூன்று வாரம் இந்த அமளி. கடைசியில் விளையாட்டுக்காரர்கள் இறங்கி வந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை விளையாட்டு தானாகவே புதுப்பிக்கப்படும். இனி ‘போகாதே’யை அழுத்தினால் அவன் நிற்பான், பிழைப்பான். முன்பே அதை அழுத்தியவர்களுக்கும் அவன் திரும்பக் கிடைப்பான். ‘சிப்பிக்காரிக்கு எங்கள் நன்றி’ என்று கீழே போட்டிருந்தது.

ரேவின் அதை வியாழக்கிழமை காலை படித்தாள். ரப்பர் பூட்ஸை மாட்டாமலே கொட்டகை வாசலுக்கு ஓடினாள். மெரேயின் கார் அங்கே நின்றது. தெற்குக் காற்று ஆளைத் தள்ளியது. மெரே உள்ளே உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு, கதவைத் திற. சட்டமாவது மண்ணாவது, நாளைக்கு நானே முப்பது பேருக்கும் சுட்டுட்டு வரேன். கேளு. பதினாலுல அவன் சாவான். ஆனா நாளைக்கு மாத்திடறாங்க. நீ இன்னைக்குத் தொடாதே. நாளைக்குப் ‘போகாதே’ன்னு அழுத்து. அவன் நின்னுடுவான்!"

சந்தோஷத்தில் அவளுக்கு மூச்சு வாங்கியது. மெரே கதவைத் திறந்து அவளையே பார்த்தாள். அப்புறம் கைபேசியைத் திருப்பிக் காட்டினாள். திரையில் ஒருத்தன் தலைக்கவசத்தோடு கதவருகே நின்றான். பதினான்கு.

"நான் இந்த அத்தியாயத்துக்கு வந்து ரெண்டு மாசம் ஆச்சு ஆன்ட்டி."

"பதினொண்ணுன்னு சொன்னியே?"

"பொய். தினமும் காலைல கார்ல உக்காந்து இந்த ஒரு அத்தியாயத்தை மட்டும் விளையாடறேன். தினமும் ‘போகாதே’ன்னு அழுத்தறேன். தினமும் அவன் போறான்."

"அடிப்பாவி! எதுக்குடீ இப்படி உன்னையே வதைச்சுக்கறே?"

"வதைக்கல. இதுதான் என்னைத் தூங்க வச்சுது." மெரே கைபேசியை மடியில் வைத்தாள். "அன்னைக்குக் காலைல காத்து சரியில்ல. அவன் பூட்ஸைக் கையில வச்சுக்கிட்டு சமையலறை வாசல்ல நின்னான். ‘போகவா வேண்டாமா, நீ சொல்லு’ன்னான். முந்தின நாள் கூரை ஒழுகுதுன்னு சண்டை. நான் திரும்பிக்கூடப் பாக்கல. ‘போய்த் தொலை, வீட்ல உக்காந்து என் உயிரை வாங்காதே’ன்னேன்."

ரேவின் கார்க் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

"இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. ஹெமியோட அம்மாகிட்டகூட. எட்டு மாசமும் அந்த ஒரு வார்த்தைதான் காதுல. அப்புறம் இது வந்துச்சு. போகாதேன்னு சொன்னாலும் போறான் ஆன்ட்டி. நான் என்ன சொன்னாலும் போயிருப்பான். தினமும் அதைப் பாத்துட்டு உள்ள வந்தா, கத்தி கையில ஆடாது." அவள் ரேவினின் சட்டைக் கையைப் பற்றினாள். "மாத்த வேணாம்னு சொல்லுங்க. நீங்க எழுதினா கேப்பாங்கல்ல? நீங்கதானே எழுதினீங்க?"

ரேவின் எழுதினாள். அன்று இடைவேளையில், ஈரக் கையோடு, எழுத்துப் பிழையோடு, கெஞ்சி எழுதினாள். கீழே நூற்றுக்கணக்கில் சிரிப்புப் பொம்மைகள் விழுந்தன. ‘சிப்பிக்காரிக்கு ஜெயிச்ச மப்பு’ என்று ஒருத்தி எழுதினாள். விளையாட்டுக்காரர்களிடமிருந்து ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்று ஒரு வரி வந்தது, எல்லாருக்கும் வருகிற அதே வரி. கோலீன் மெரேயின் கைபேசியை வாங்கித் தன்னால் ஆனமட்டும் நோண்டி, "எல்லாத்தையும் அணைச்சிட்டேன், இனிமே தானா மாறாது" என்றாள். கைபேசியையே அணைத்துவிடு என்று ரேவின் சொன்னாள். பெண்ணின் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டால் என்ன செய்வது என்று மெரே கேட்டாள். விளையாட்டையே அழித்துவிடேன் என்றதும் அவள் கைபேசியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை ரேவின் அபராதச் சீஸ் ரோல்களைப் பெரிய தட்டில் அடுக்கி, துணி போட்டு மூடிக் கொண்டுவந்தாள். பத்து மணிக்குக் கொட்டகை அதிர்ந்தது.

"பிஸ்கட் பொழச்சிட்டான்டீ! வாலை ஆட்டிக்கிட்டு வந்துட்டான்!" கோலீன் மேசையைத் தட்டிக் கூவினாள். முப்பது பேரில் பாதிப் பேர் அழுதார்கள், பாதிப் பேர் கட்டிக்கொண்டார்கள். யாரோ ரேவினின் முதுகில் தட்டி, "எல்லாம் உன் வாய்தான்டீ, நல்லா இருப்பே" என்றார்கள்.

மெரே மட்டும் இடைவேளைக்கு வரவில்லை. தன் மேசையிலேயே நின்று சிப்பி உடைத்துக்கொண்டிருந்தாள். ரேவின் ஒரு ரோலைக் காகிதத்தில் வைத்து எடுத்துப்போனாள். பக்கத்தில் போகவும் கைபேசி ஒளிரவும் சரியாக இருந்தது. கோலீன் அணைத்தது எதுவும் அணையவில்லை.

*ஹெமி: நான் போகவில்லை. நீ சொன்னதால் நின்றுவிட்டேன். எங்கே இருக்கிறாய்?*

இரண்டு பேரும் படித்தார்கள். ரேவின் கையை நீட்டி அதைக் கவிழ்த்து வைத்தாள். வைத்து என்ன பயன்?

மெரே கத்தியைக் கீழே வைத்தாள். அழவில்லை. கணக்குத் தப்பாக வந்ததைப் பார்க்கிற பள்ளிக்கூடப் பிள்ளையின் முகம்போல் இருந்தது அவள் முகம்.

"ஒரு வார்த்தைதான் ஆன்ட்டி. சொன்னா நிக்கறான்."

"அது விளையாட்டுடீ. எவனோ உக்காந்து எழுதினது. என் வாய்க்குப் பயந்து மாத்தி எழுதினது. ஹெமி இல்லடீ அது!"

"நீங்கதானே எழுதினீங்க, அந்தச் சொல்லுக்கு ஒரு மதிப்பு வேணும்னு."

கவிழ்ந்து கிடந்த கைபேசி மேசைமேல் இன்னொரு தரம் அதிர்ந்தது. மெரே மறுபடி கத்தியை எடுத்தாள். அது அவள் கையில் ஆடிக்கொண்டிருந்தது. ரேவின் காகிதத்தில் இருந்த ரோலோடு அங்கேயே நின்றாள். இடைவேளை முடிந்து டெஸ் மணியடித்தும் அவள் தன் மேசைக்குப் போகவில்லை.