நான்கு பேருக்கு ஒரு டிராஃப்டர்

எண்பதுகளின் தொடக்கத்தில், திருவண்ணாமலையைச் சுற்றிய காலனிகளிலிருந்து இன்ஜினியரிங் போனவர்கள் நாங்கள் நான்கு பேர். கல்லூரி வெளியூரில். தேர்வு விடுமுறை வந்தால், பள்ளிக்கூட நாட்களில் தங்கிய நகரத்து அரசு விடுதிக்கே வந்து படிப்போம். நால்வருக்கும் ஒரே டிராஃப்டர்: படப்பலகையில் மாட்டி இணைகோடு இழுக்கிற இரும்புக் கை. தேறிப்போன சீனியர் விட்டுச் சென்றது. யாருக்கு முதலில் தேர்வோ, அவன் கையில் அது இருக்க வேண்டும். அதுதான் எங்கள் சட்டம்.

ஒரு முறை, நால்வரில் ஒருவனான என் நண்பனுக்கு மறுநாள் தேர்வு. அதற்கடுத்த நாள் எனக்கு. வீட்டுக்கு எடுத்துப்போய் வரைந்து பழகியிருந்த நான், மதியத்துக்குள் விடுதியிலிருந்த அவனிடம் டிராஃப்டரைச் சேர்க்க, பஸ் நிறுத்தத்துக்குச் சைக்கிளை மிதித்தேன்.

ஊர்த்தெரு வந்தால் காலனிக்காரர்கள் நாங்கள் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நான் இறங்கவில்லை.

மூன்று பேர். நடுவில் நின்றவன் என்னோடு பத்தாவது வரை ஒரே பெஞ்சு.

"இன்னாடா, கவர்மென்ட்டு சீட்டு குடுத்தா சக்கரமும் சேத்து குடுத்துட்டாங்களா?"

"பஸ்ஸுக்கு போறேன்."

"போ. இறங்கிப் போ."

இறங்குவதற்குள் சைக்கிள் என் மேல் கிடந்தது. பழைய லுங்கியில் சுற்றிவைத்திருந்த டிராஃப்டரை ஒருவன் பிரித்தான். "இரும்பு எடுத்துக்கினு வர்றான்டா. வெட்ட வந்துருக்கான்." அதைக் கொண்டே அடித்தார்கள். முழங்காலில், முதுகில், தலையைக் காக்கப்போன வலது கையில். வெயில் வெள்ளையாக இருந்தது, என் வாய்க்குள் இருந்தது மட்டும் சிவப்பு. அடி விழும் ஒலியைவிட அந்தக் கம்பி வளையும் ஒலிதான் எனக்குக் கேட்டது. என் கையை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள், அதை விடுங்கள் என்று கத்த நினைத்தேன். கத்தினேனா என்று தெரியவில்லை.

விடுதிக்கு வந்து சேர்ந்தபோது சாயங்காலம். நண்பன் என் முகத்தைப் பார்க்கவில்லை. டிராஃப்டரைப் பார்த்தான். பலகையில் மாட்டி ஒரு கோடு இழுத்தான். கோடு கோணியது. எழுந்து வந்து என் கன்னத்தில் அறைந்தான்.

"இறங்குனா இன்னாடா கொறைஞ்சிடும் உனக்கு? தெனம் நான் இறங்கல?"

இரண்டாவது அறை விழுந்தது. அந்த மூவரின் அடி எல்லாம் தோலோடு நின்றது. இது உள்ளே போனது. அவன் அழுதுகொண்டே அடித்தான்.

பிறகு விடுதி வாசல் கருங்கல்லில் கம்பியை வைத்து, இன்னொரு கல்லால் தட்டித் தட்டி நிமிர்த்தினோம். முழுதாக நிமிரவில்லை. விடியற்காலை பஸ்ஸில் அவன் அதை மடியில் வைத்துக்கொண்டு போனான்.

மாலையில் திரும்பி வந்து நீட்டினான். "இடது பக்கம் இழுக்குது. அழுத்திப் புடி. ஒவ்வொரு கோட்டையும் மூலைமட்டத்துல சரி பாத்துக்கோ." வீங்கிய என் இரண்டு விரலை அப்போதுதான் பார்த்தான். தன் பனியனைக் கிழித்து, பென்சிலை என் கையோடு சேர்த்துக் கட்டிப் பழக்கினான்.

தேர்வறையில் மேற்பார்வையாளர் என் கைக்கட்டைப் பார்த்தார். "என்ன தம்பி இது?"

"விழுந்துட்டேன் சார்."

"உங்க ஆளுங்களுக்கு மார்க்கு கம்மியா இருந்தாலும் சீட்டு வருது. எதுக்கு இவ்ளோ கஷ்டப்படறே?" கேலி இல்லை, அக்கறையாகவே கேட்டார். முன்வரிசையில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

பென்சில் முனையை மணல்தாளில் தேய்த்தேன். ஊசியாகும்வரை தேய்த்தேன். அந்த முனை அவர் கண்ணுக்குள் எவ்வளவு ஆழம் இறங்கும் என்று ஒரு கணம் கணக்கிட்டேன். அளவு கச்சிதமாகத் தெரிந்தது. தாளைப் பலகையில் ஒட்டி, கம்பியை இடதுகையால் நசுக்கிப் பிடித்து, மையக்கோட்டை இழுத்தேன். விரல் எலும்பு உள்ளே நகர்ந்தது. கோடு நேராக வந்தது. அடுத்ததை இழுத்தேன்.

அந்த முறை நாங்கள் இருவருமே அவரவர் தேர்வில் தேறினோம்.