யாரும் எடுக்காத முடிவு

பேராசிரியர் கமலவேணி மறைந்த செய்தி எனக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படமாக வந்தது. அனுப்பியது அவருடைய ஊர்ச் சாதிச் சங்கம். ‘நம் சமுதாயத்தின் தவப்புதல்வி’ என்று கொட்டை எழுத்து. சுற்றிலும் நிர்வாகிகளின் கைகூப்பிய படங்கள். அழுகைக்கு முன்னால் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. வெட்கமாக இல்லையா இவர்களுக்கு? அவரை அறிந்த உங்களில் பலருக்கு நடந்தது தெரியும். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

சரவணம்பட்டியில் ஒரே கல்லூரியில் இருவரும் அரசியல் அறிவியல் நடத்தினோம். எங்களுக்குள் ஓயாத சண்டை. தனிமனிதனை அரசும் ஊரும் தொந்தரவு செய்யாமல் விட்டால் போதும் என்கிற தாராளவாதம் என் கட்சி. அவர் குடியரசுச் சிந்தனைக்காரர். விட்டுவிட்டால் ஆயிற்றா, அந்த மனிதன் சபைக்கு வந்து தன் பேச்சைப் பேச வேண்டாமா என்பார். ஒருநாள் கேன்டீனில் சொன்னார்: “நீங்க கதவச் சாத்திக்கற உரிமையப் பேசறீங்க. நான் கதவத் தொறந்து வெளிய வர்றதப் பேசறேன். ரெண்டுக்கும் உள்ளார ஒரு ஆள் இருக்கோணுமில்லீங்க?” நான் ஒப்புக்கொள்ளவில்லை. டீ ஆறியதுதான் மிச்சம்.

பல்லடம் பக்கம் இருந்த தம் பூர்விக வீட்டை, சாதி மாறி மணந்த ஒரு தம்பதிக்கு அவர் வாடகைக்கு விட்டார். சங்கம் கூடியது. தலைவர் பேசி முடித்து ‘சரிதானுங்களே?’ என்பார், யாரும் பேசாவிட்டால் அது ஊர் முடிவு. அங்கே அதுதான் வழக்கம். கமலவேணி வீட்டு நல்லது கெட்டதுக்கு யாரும் போகக்கூடாது என்று முடிவாயிற்று. அவருடைய அம்மா இறந்தபோது, அவர் தம்பி ஒருவரைத் தவிர பாடை தூக்க ஆளில்லை. கல்லூரியிலிருந்து நாங்கள் போய்த் தூக்கினோம்.

காரியம் முடிந்ததும் அவர் நேராகச் சங்கக் கூட்டத்துக்குப் போனார். நானும் கூடப் போனேன். “ஊர் முடிவுங்க அம்மணி, நான் என்ன பண்றது?” என்றார் தலைவர்.

“ஊருன்னு ஒரு ஆள் எனக்குத் தெரியாதுங்க. மாமா, எங்கம்மா சாவுக்கு வரக்கூடாதுன்னு நீங்க நெனச்சீங்களா?”

முன்வரிசையில் இருந்த அந்த மாமா தலைகுனிந்தார். “நான் நெனைக்கல கண்ணு. எல்லாரும் சும்மா இருந்தாங்க...” சித்தப்பா, மச்சான், பெரியப்பா என்று ஒவ்வொருவராகக் கேட்டார். ஒருவர்கூடத் தான் நினைத்ததாகச் சொல்லவில்லை. யாருமே நினைக்காத ஒரு கொடுமையை இத்தனை பேர் சேர்ந்து செய்திருக்கிறார்கள்! அப்போதும் தடையை நீக்கவில்லை.

போன வாரம் ஆர்.எஸ்.புரத்தில் ஒரு மண்டபத்தில் அதே சங்கம் இரங்கல் கூட்டம் போட்டது. அந்தப் பல்லடம் வீட்டைக் காலி செய்து கமலவேணிக்கு நினைவு மண்டபம் ஆக்கப்போகிறார்களாம். அந்தத் தம்பதி தெருவுக்குப் போக வேண்டும், அதுவும் அவர் பெயராலேயே. தலைவர் ‘சரிதானுங்களே?’ என்றார். மண்டபம் கம்மென்று இருந்தது. வீடு இப்போது கமலவேணியின் தம்பிக்கு. அவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என்னைத் தொந்தரவு செய்யாதவரை எந்தக் கூட்டத்திலும் வாய் திறக்காத ஆள் நான். எழுந்து, எனக்குச் சம்மதமில்லை என்றேன். வெளியாளுக்கு இங்கே என்ன பேச்சு என்று யாரோ அதட்டினார்கள். அதற்குள் தம்பி எழுந்துவிட்டார். “எனக்கும் சம்மதமில்லீங்க. அவங்க அங்கயே இருக்கட்டும்.”

கமலவேணி, நம் சண்டையில் நான் தோற்றுவிட்டேன். உங்களிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இந்தத் தோல்வி ஒன்றுதான். இதையும் சங்கத்துக்குச் சொந்தம் என்று எவனாவது வரட்டும், பார்க்கிறேன்.