பன்னிரண்டு பித்தளைக் கட்டைகள்

சிவகாசியில் வீட்டுக்குள் லேத் வைத்திருந்த ஒரே வாத்தியார் நான்தான். அதைச் சொல்லிக்கொள்வதில் அந்த நாளில் பெருமை, இப்போது எரிச்சல். மிஷன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞானம் சொல்லிக்கொடுத்தேன். சொந்த நாட்டுக்குக் கிளம்பிய வெள்ளைக்காரப் பாதிரியார் ஒருவர், கப்பலில் ஏற்ற முடியாத சாமான்களைப் பங்கு வைத்துக் கொடுத்தார். மற்ற வாத்தியார்கள் சாய்வு நாற்காலி, பீங்கான் தட்டு, அலமாரி என்று அள்ளிக்கொண்டு போனார்கள். எனக்கு மிஞ்சியது ஒன்றரை முழ நீளத்தில், உலோகம் கடைகிற ஒரு லேத். மேஜை மேல் வைத்துத் தையல் மெஷினைப் போல மிதித்து ஓட்ட வேண்டும். பொழுது போகாத துரைமார்கள் பொம்மை ரயில் செய்வதற்காக வாங்குகிற சாமான். நான் பொம்மை ரயிலுக்கு எங்கே போவேன்?

வீட்டுக்கு வந்தவர்கள் ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னார்கள். "இதுல என்ன சார் பிழிவீக, இடியாப்பமா?" என்று கேட்டார் தமிழ் வாத்தியார். கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார். இலக்கணத்தைத் தவிர வேறொன்றும் தெரியாத மனுஷனிடம் என்ன பேசுவது என்று நானும் விட்டுவிட்டேன். அப்போதெல்லாம் எனக்கு யாரைப் பார்த்தாலும் இளக்காரம்தான். நாலு எழுத்து விஞ்ஞானம் படித்துவிட்ட திமிர்.

லேத்தின் லட்சணம் முதல் வாரத்திலேயே தெரிந்துவிட்டது. சுற்றுகிற தண்டு தளர்ந்து கிடந்தது. ஒரு கம்பியைக் கடைந்தால் இந்தப் பக்கம் ஒரு கனம், அந்தப் பக்கம் ஒரு கனம். பக்கத்துத் தெரு அச்சாபீஸ் மிஷின்மேன் வந்து பார்த்துவிட்டு, "தேஞ்ச அச்செழுத்தை உருக்கித் தண்டைச் சுத்தி ஊத்துங்க சார், அம்புட்டுத்தான்" என்றார். கூடை நிறையத் தேய்ந்த ஈய எழுத்துகளையும் கொண்டுவந்து கொட்டினார். உருக்கி ஊற்றினேன். தண்டு வெண்ணெய் மாதிரி ஓடியது. அவர் பேச்சைக் கேட்டுக் கெட்டேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் அந்த லேத்தில் உருப்பட்ட வேலை அடுத்தவர் சொல்லிச் செய்த அந்த ஒன்றுதான். என்னைக் கவிழ்த்ததெல்லாம் என் சொந்த மூளையில் உதித்தவை.

அடுத்து, மிதிப்பதை ஒழித்துவிட்டு மோட்டார் வைத்தேன். எங்கள் தெருவுக்குக் கரண்ட் வந்து அதிக நாள் ஆகவில்லை. நான் சுவிட்சைப் போட்டால் மூன்று வீட்டு விளக்கு மங்கும். எதிர்வீட்டுக்காரர் ஜன்னல் வழியாக, "வாத்தியார் சாதிக்கத் தொடங்கிட்டாருலே" என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவிப்பார். மோட்டார் வேகத்துக்கு அந்தச் சின்ன லேத் மேஜை மேல் நடக்க ஆரம்பித்தது. நாலு போல்ட் போட்டு இறுக்கினேன். பிறகு மேஜையே நடந்தது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். மில்லிங் மெஷினும் வேண்டும் என்று தோன்றிவிட்டது. லேத்தில் சுற்றுவது வேலைப்பொருள், கத்தி நிற்கும். மில்லிங்கில் கத்தி சுற்றும், பொருள் நகரும். கத்தியை லேத்தில் மாட்டிவிட்டு, பொருளைப் பிடித்து ஏற்றி இறக்க நிற்கிற மாதிரி ஒரு இரும்புப் பலகை செய்துவிட்டால் ஒரே மெஷின் இரண்டு மெஷின் ஆகிவிடும். அந்தப் பலகையை வார்க்க விருதுநகரில் பம்பு வார்க்கும் பட்டறை ஒன்றில் சொன்னேன். கறுப்பு வர்ணம் பூசி மினுமினுவென்று தந்தார்கள். வீட்டில் வந்து துளை போட்டால் உள்ளே மெழுகு! வார்ப்பில் விழுந்த பொத்தலை எல்லாம் மெழுகும் கரியும் குழைத்து அடைத்திருக்கிறார்கள். பஸ் ஏறிப் போய்க் கத்தினேன். பட்டறைக்காரர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "பொத்தல் வெளிய தெரிஞ்சுச்சா சார்? தெரியலேல்ல? பெறகென்ன?" என்றார். இப்படிப்பட்ட அயோக்கியர்களால்தான் நாடு குட்டிச்சுவராகிறது என்று வழியெல்லாம் பொருமிக்கொண்டே வந்தேன்.

இப்படியே இரண்டு வருஷம் போயிற்று. லேத்துக்கு வேண்டிய சாமானை லேத்திலேயே கடைந்தேன். கைப்பிடி செய்தேன், அந்தக் கைப்பிடியைப் பிடிக்க இன்னொரு பிடி செய்தேன். என் மனைவி ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஒருநாள் டூட்டிக்குக் கிளம்பும்போது நின்று, "ரெண்டு வருசமா லேத்துக்கு லேத்து செய்றீக. வீட்டுக்கு ஒரு கதவுக் கொண்டி செஞ்சீகளா?" என்று கேட்டாள். "பரவால்ல, பொழுதுக்கும் அதையே கட்டிக்கிட்டு அழுங்க. ஆனா உங்க கைவேலை எதுவும் பயர் ஆபீஸ் வாசலை மிதிக்கக் கூடாது. சொல்லிட்டேன்."

பட்டாசு ஆலையைத்தான் எங்கள் பக்கம் பயர் ஆபீஸ் என்போம். அவள் வேலை பார்த்தது தீக்காய வார்டில். நாரணாபுரத்திலிருந்தும் அச்சங்குளத்திலிருந்தும் வாழை இலையில் சுற்றிக் கொண்டுவருகிற பெண்களைத் தூக்கிக் கிடத்துகிறவள் அவள்தான். அப்படிப்பட்ட நாளில் வீட்டுக்கு வந்தால் கையைக் கழுவிக்கொண்டே இருப்பாள், பேச மாட்டாள். அதனால் அவள் சொன்னதற்கு நான் வாயைத் திறக்கவில்லை.

வாயைத் திறந்தவன் அவளுடைய தம்பி. நாரணாபுரத்தில் ஒரு பயர் ஆபீசில் போர்மேன். தீபாவளி சீசனுக்கு முந்திய ஒரு சனிக்கிழமை, ஒரு பித்தளைக் கட்டையைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்தான். ராக்கெட் குழாய்க்குள் மருந்தைப் போட்டு இடித்து இறுக்குகிற கட்டை அது. தடி ஒரு துண்டு. மேலே மரச்சுத்தியல் விழுகிற தலை ஒரு துண்டு. இரண்டையும் திருகி மாட்டியிருக்கும்.

"பளசெல்லாம் வாய் பிளந்து போச்சு அத்தான். அதையே வச்சு இடிக்காளுக. பாத்திரக்காரன் சீசன் முடிஞ்சுதான் தருவேங்கான். பன்னெண்டு கட்டை. உங்க மிசினைத் தவிர வேற வழியில்ல."

என் மனைவி அந்தப் பிளந்த கட்டையைக் கையில் வாங்கி வெகு நேரம் பார்த்தாள். "இதையா வச்சு இடிக்காக?" என்று தம்பியைக் கேட்டாள். பிறகு என்னைப் பார்த்து, "சரி, செஞ்சு குடுங்க. ஆனா மாதிரி எப்படி இருக்கோ அப்படியே இருக்கணும். உங்க மூளையை இதுல காட்டாதீக. உள்ள உக்காந்து இடிக்கிறது பொம்பளையாளுக" என்றாள். அப்படியே செய்வதாக வாக்குக் கொடுத்தேன்.

பத்து நாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேரே மெஷினுக்கு. உண்மையைச் சொல்ல வேண்டும், அருமையாக வந்தது. ஆனால் மாதிரியைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. எந்த மடையன் செய்த அமைப்பு இது? தலையைத் திருகி மட்டும் வைத்தால் அடிக்க அடிக்கக் கழன்றுவராதா? குறுக்கே ஒரு துளை போட்டு ஆணி இறக்கினால் ஆயுசுக்கும் அசையாதே. என் மில்லிங் பலகை வேறு இரண்டு வருஷமாக வேலைக்கு ஏங்கி நிற்கிறது. துளைத்தேன். பன்னிரண்டும் ஒரே அளவு, மயிரிழை பிசகவில்லை.

ஆணிக்குப் பித்தளைக் கம்பிதான் போட வேண்டும். பயர் ஆபீசுக்குள் இரும்பு கூடாது. உரசினால் பொறி வரும். இது இந்த ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பித்தளைக் கம்பி போட்டுப் பார்த்தேன், அடிக்கிற அடிக்கு நசுங்கியது. மேஜையில் பழைய சைக்கிள் ஸ்போக் ஒன்று கிடந்தது. என் துளைக்கு அளவெடுத்தது போல இறங்கியது. பித்தளைக்குள் புதைந்து கிடக்கிற இரும்பு எங்கே போய் எதில் உரசும்? விஞ்ஞானம் படித்தவன் நான், எனக்குத் தெரியாதா! வெட்டி இறக்கி, முனையை அராவி, மெருகு போட்டேன். ஆணி இருக்கும் இடம் எனக்கே தெரியவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் காட்டினேன், திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாருக்கு" என்றாள். கல்யாணம் ஆன நாளிலிருந்து என் கைவேலையைப் பார்த்து அவள் அப்படிச் சொன்னதே இல்லை. அப்போதாவது சொல்லியிருக்கலாம். வெட்கங்கெட்டவன், சிரித்துக்கொண்டு நின்றேன்.

கட்டைகள் போய் ஒரு வாரம் ஆகியிருக்கும். மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தேன், மனைவி டூட்டியில் இருந்தாள். வாசலில் ஒரு நடுத்தர வயசு அம்மா. கை முழுக்க அலுமினியத் தூள் வெள்ளி மாதிரி மின்னியது. தலையில் ஈரச் சாக்குப் பொட்டணம். நாரணாபுரத்திலிருந்து வெயிலில் நடந்தே வந்திருந்தார். பொட்டணத்தை முற்றத்தில், மெல்ல, பச்சைப் பிள்ளையை இறக்குவதுபோல இறக்கிப் பிரித்தார். உள்ளே என் கட்டைகள்.

"இதுக்குள்ள என்ன வச்சிருக்கீக சார்?" என்றார்.

"பித்தளைதான். வேறென்ன?"

"பித்தளைன்னா பச்சையாப் பூக்கும். செகப்பாப் பூக்குமா?"

ஒரு கட்டையைத் தூக்கிக் காட்டினார். தலைக்குக் கீழே குங்குமப் பொட்டு மாதிரி ஒரு துருப் புள்ளி. வெடியுப்பின் ஈரம் ஆணியைப் பிடித்துவிட்டது. கையெழுத்துப் போடத் தெரியாத அம்மாவுக்குத் தெரிந்தது எனக்குத் தோன்றாமல் போயிற்று. ஆனாலும் என் திமிர் அடங்கவில்லை. அது புதைந்து கிடக்கிறது, உரச வழியில்லை, பயப்பட ஒன்றுமில்லை என்று வகுப்பில் சொல்வதுபோல விளக்க ஆரம்பித்தேன். அந்த அம்மா குறுக்கே பேசாமல் முழுக்கக் கேட்டார். பிறகு இன்னொரு கட்டையை எடுத்து நீட்டினார். அதில் ஆணி அரை விரல்கடை வெளியே துருத்திக்கொண்டு நின்றது.

"சேலைக்குக் குத்துற ஊக்கைக்கூட வாசல்ல களட்டிப் போட்டுட்டு, நூலை வச்சு முடிஞ்சுக்கிட்டு உள்ள போறோம் சார். கொண்டை ஊசி கெடையாது, கொலுசு கெடையாது. நீங்க படிச்சவுக. ஆணியை உள்ளயே வச்சு அனுப்பியிருக்கீக."

கட்டைகளை எண்ணிப் பார்த்தேன், பதினொன்றுதான் இருந்தது.

"பன்னெண்டாவது கடைசி ஷெட்டுல ஓடுது. அவளுக வேற காண்ட்ராக்ட்டு, எங்க பேச்சு எடுபடாது. நல்லாத்தான இருக்குன்னு தர மாட்டேங்கா. போர்மேன் லோடோட போயிட்டாக. செஞ்சவுக நீங்க வந்து சொல்லுங்க."

சைக்கிளை எடுத்தேன். நாரணாபுரம் அன்றைக்கு எட்டாத தூரத்தில் போய் உட்கார்ந்துகொண்டது. மிதிக்க மிதிக்க வார்டு நினைவுதான். வாழை இலை நினைவுதான். கர்த்தரே, கர்த்தரே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு போனேன்.

வாசலில் வாட்ச்மேன் மறித்தான். போர்மேனுடைய அத்தான் என்றேன், அவன் அசையவில்லை. பெல்ட்டைக் கழற்றச் சொன்னான். சாவிக்கொத்து, கடிகாரம், ஆணி அடித்த செருப்பு, கடைசியில் கம்பி பிரேம் போட்ட மூக்குக் கண்ணாடி. நான் செய்தனுப்பிய இரும்பு உள்ளே இடித்துக்கொண்டிருக்க, இவன் என் சட்டைப் பையைத் தடவி ஊக்குத் தேடினான். அவனைத் திட்டக்கூட எனக்கு யோக்கியதை இல்லை.

"உள்ளாற ஓடக் கூடாது சார். மெல்லப் போங்க."

வெறுங்காலில், கண் சரியாகத் தெரியாமல், அவிழ்கிற வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மெல்லப் போனேன். ஒவ்வொரு ஷெட்டாகத் தாண்டினேன். கடைசி ஷெட்டிலிருந்து டொக், டொக் என்று கேட்டது. சத்தம் போட்டுக் கூப்பிட முடியாது. திடுக்கிட்டுக் கட்டையைக் கீழே போட்டுவிட்டால்? வாசற்படியில் நின்று, கோயிலில் ஜெபிக்கிற குரலில், "அம்மா, கொஞ்சம் நிப்பாட்டுங்க. அந்தக் கட்டையை எங்கிட்டக் குடுத்துடுங்க" என்றேன்.

சத்தம் நின்றது. இருபது வயசுகூட இருக்காது அந்தப் பெண்ணுக்கு, கழுத்தில் புது மஞ்சள் கயிறு. கட்டையைச் சேலையில் துடைத்து, இரண்டு கையாலும் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.

"நீங்கதான் செஞ்சதா சார்?" என்றாள். "எம்புட்டு அடிச்சாலும் தலை களண்டு வரவே இல்ல. இதே மாதிரி எனக்கு இன்னொண்ணு செஞ்சு குடுங்க."