ரிப்பன் சுற்றிய வயர்

சித்தப்பாவுக்குப் பார்த்த முதல் பெண்ணின் வீட்டில் வேண்டாம் என்று சொல்லியனுப்பியதற்கு அந்த ஹாரன்தான் காரணம் என்று எங்கள் வீட்டில் இன்றைக்கும் பேச்சு. அப்பா அப்படித்தான் சொல்வார், அம்மாவும் தலையாட்டுவாள். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள் நாலு பேர் கூடிவிட்டால் போதும், யாராவது இந்தக் கதையை எடுத்துவிடுவார்கள், எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். பாவம் அந்த ஹாரன். கொஞ்சம் சத்தம் போட்டதைத் தவிர அது வேறொரு பாவமும் அறியாது.

அப்போது நான் இரண்டாம் வகுப்போ மூன்றாம் வகுப்போ படித்துக்கொண்டிருந்தேன். பாகூர் ஏரித் தண்ணீர் பாயும் நிலம் எங்களுடையது, நெல்லும் கொஞ்சம் கரும்பும் போடுவோம். கல்யாணப் பேச்சு தொடங்கியதும் சித்தப்பா ஒரு பழைய கார் வாங்கினார். சொந்தக் கார் வைத்திருக்கும் மாப்பிள்ளைக்குத் தனி மவுசு என்று யாரோ அவர் காதில் போட்டிருந்தார்கள். வெள்ளையாகப் பிறந்து, எங்களிடம் வரும்போது மோர் நிறத்துக்கு வந்திருந்த கார். மாட்டுக் கொட்டகையில் வைக்கோலுக்குப் பக்கத்தில் அதற்கு இடம் கிடைத்தது. இரண்டு பசுக்களும் அதுவும் ஒரே கூரையின் கீழ் நின்றன. யாரும் இல்லாதபோது அவை மூன்றும் பேசிக்கொள்ளும் என்று நான் நம்பினேன்.

வைக்கோல் இருக்கும் இடத்தில் எலி இருக்கும். காரின் விளக்கு, ஹாரன், வைப்பர் எல்லாவற்றுக்கும் போகிற வயர்கள் ஒரே கட்டாக உள்ளே ஓடும். வயர்கள் சேருமிடத்தில், விரல் நீளத்துக்குப் பிளாஸ்டிக் கூடுகள் ஒன்றுக்குள் ஒன்று மாட்டியிருக்கும். கப்ளர் என்பார்கள். எலிகள் வயரைத் தின்றுவிட்டு, பிடிக்கிறதா என்று கப்ளரையும் கடித்துப் பார்த்திருந்தன. சித்தப்பா மெக்கானிக்கைக் கூப்பிடவில்லை. இதென்ன பெரிய வித்தை என்று அவரே உட்கார்ந்து, அறுந்த வயர்களை முறுக்கி முறுக்கிச் சேர்த்தார். நான் டார்ச் பிடித்தேன். சுற்றுகிற டேப் பாதியில் தீர்ந்துபோக, என் பள்ளிக்கூடத்துச் சிவப்பு ரிப்பனில் ஒரு முழம் கேட்டார். கேட்ட மாத்திரத்தில் கொடுத்துவிட்டேன். எனக்கு அவரை அவ்வளவு பிடிக்கும்.

பிறகு ஆயுத பூஜை வந்தது. சித்தப்பா பானெட்டைத் திறந்து, பம்புசெட்டுத் தண்ணீரைக் குழாயில் பிடித்து எஞ்சினைத் தலைமுழுக்காட்டினார். அப்புறம் சந்தனத்தைக் குழைத்து, ஒரு கப்ளரையும் விடாமல் பொட்டு வைக்கச் சொன்னார். "ஒழைக்கிறது இதுங்கதான், இதுங்களுக்கு வெக்காம வேற யாருக்கு வெக்கிறது?" என்றார். என் சின்ன விரல் எல்லா இடுக்கிலும் நுழையும் என்பதால் அந்த வேலை எனக்கு. சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமமும் வைத்தேன். பச்சையாகக் களிம்பு பூத்திருந்த பித்தளைப் பின்களுக்கு நடுவிலும் தாராளமாக வைத்தேன்.

அதற்குப் பிறகு கார் தன் இஷ்டத்துக்கு நடக்க ஆரம்பித்தது. பிரேக்கை மிதித்தால் வைப்பர் ஒரு தடவை புரண்டு படுக்கும். இண்டிகேட்டர் போட்டால் உள்விளக்கு மூச்சு விடுவதுபோல மங்கி மங்கி எரியும். முன்விளக்கு அடியோடு செத்துப்போனது. அம்மா அதில் ஏறவே பயந்தாள். எனக்கோ கார் தூக்கத்தில் பேசுகிறது என்று தோன்றியது. தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாது என்று அதன் கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்துவேன்.

ஐப்பசியில் தரகர் ஒரு இடம் சொன்னார். திருவாண்டார்கோயில் பக்கம், நல்ல குடும்பம், பெண் ஏதோ கம்பெனிக்குப் போகிறாள் என்றார். பெண் பார்க்க அந்தக் காரில்தான் போகவேண்டும் என்று சித்தப்பா ஒற்றைக்காலில் நின்றார். பகலிலேயே போய்ப் பகலிலேயே திரும்பிவிடலாம், விளக்கு எதற்கு என்று அப்பாவையும் சரிக்கட்டிவிட்டார்.

அந்தப் பயணம் எனக்குப் பாதி தூக்கத்தில்தான் நினைவிருக்கிறது. கரிக்கலாம்பாக்கம், வில்லியனூர், அதைத் தாண்டிக் கொஞ்ச தூரம் தமிழ்நாடு, மறுபடியும் எங்கள் புதுச்சேரி. ஒரு ஊர் முடிந்து இன்னொரு ஊர் தொடங்குகிற எல்லைக்கோட்டை இந்தத் தடவையாவது பார்த்துவிடவேண்டும் என்று கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு வந்தேன். மழை பிடித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் கரும்பு, கரும்புக்கு மேலே சாம்பல் நிற வானம். அம்மாவின் மடி சூடாக இருந்தது. கோடு எப்போது வந்து எப்போது போனதோ தெரியவில்லை.

அந்த வீட்டில் எல்லாம் முறைப்படி நடந்தது. கேசரி வந்தது. மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் அந்தப் பெண் காப்பித் தட்டோடு வந்தாள். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டு ஓரக்கண்ணால் பார்த்தார், அவளும் பார்த்தாள். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டது என்பது என் வயதுக்கே தெரிந்தது. சித்தப்பா தம்ளரைக் கையில் எடுத்தார். அந்த நேரம் பார்த்து வாசலில் நின்ற கார், உள்ளே ஒரு ஆள்கூட இல்லாமல், கூவ ஆரம்பித்தது.

"அய்யய்யோ, இன்னாடா அது?" என்று அப்பா எழுந்தார்.

எல்லோரும் ஓடினோம். சித்தப்பா ஸ்டியரிங்கைத் தட்டினார், சாவியைத் திருப்பினார், பானெட்டைத் திறந்து கைக்கு வந்ததை இழுத்தார். கார் நிறுத்தவில்லை. தெருவில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஆள் வந்து குடை பிடித்துக்கொண்டு நின்றார்கள். சித்தப்பாவின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

"பேட்டரிய கழட்டுனாதான் நிக்கும். பத்தாம் நம்பர் ஸ்பேனர் இருக்கா?"

கேட்டது அந்தப் பெண்தான். முந்தானையை இடுப்பில் செருகியிருந்தாள். "பட்டுப் பொடவடி!" என்று அவள் அம்மா பின்னாலிருந்து கத்தியது அவள் காதில் ஏறவில்லை. டிக்கியிலிருந்து ஸ்பேனரை எடுத்து வந்து நான்தான் கொடுத்தேன். ஒரு திருகு திருகினாள். சத்தம் நின்றது. அப்புறம் கேட்ட அமைதியை என்னால் இன்றைக்கும் கேட்க முடிகிறது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டியது, எங்கோ ஒரு மாடு கத்தியது.

"வுடுங்க, காலையில மெக்கானிக் வந்து பாத்துக்குவான்" என்றார் சித்தப்பா.

"இருட்டிக்கினு வருது. வெளக்கில்லாம இந்தப் புள்ளைய வச்சிக்கினு எப்படிப் போவீங்க?" என்றாள். பிறகு என் அம்மாவைப் பார்த்து, "கம்பெனில எனக்கு இதாங்க வேல. வயர வெட்டி, நுனியில பின் அடிச்சி, கப்ளர்ல ஏத்துறது" என்றாள்.

காரைத் தள்ளி அவர்கள் வீட்டுத் தகரக் கொட்டகைக்குள் விட்டார்கள். பெரியவர்கள் உள்ளே போய் விட்ட பேச்சைத் தொடர்ந்தார்கள். காரோடு நின்றது சித்தப்பாவும் அவளும் டார்ச் பிடித்த நானும்தான். அவள் தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவினாள். மல்லிகை இரண்டு உதிர்ந்து எஞ்சின்மேல் விழுந்தன. கப்ளரின் வாயில் ஊசியை விட்டு ஏதோ ஒரு இடத்தில் அழுத்தியதும் வயர் தன் பின்னோடு சுலபமாக வெளியே வந்தது. பழைய பல் பிரஷ்ஷால் களிம்பைத் தேய்த்து, வளைந்த பின்னை நிமிர்த்தி, மறுபடி உள்ளே தள்ளுவாள். டிக் என்று ஒரு சத்தம். பிறகு மெல்ல இழுத்துப் பார்ப்பாள், வராது. அடுத்தது. தகரத்தில் மழை, டார்ச் வெளிச்சத்தில் மாம்பழப் பட்டு, அவ்வப்போது ஒரு டிக். நின்றபடியே தூங்கிவிடலாம்போல இருந்தது எனக்கு.

"கப்ளருக்கெல்லாம் பொட்டு வச்சது யாரு?" என்று கேட்டாள்.

"நானு" என்றேன்.

வாய்விட்டுச் சிரித்தாள். "நல்லாத்தான் வச்சிருக்க. அதான் சாமி வந்து ஆடுது."

இன்னும் உள்ளே கைவிட்டவள், நனைந்து நழுவியிருந்த சிவப்பு ரிப்பனை இழுத்து எடுத்தாள். அதற்கடியில் இருந்த வயர் தகட்டில் பட்டுத்தான் ஹாரன் அடித்திருக்கிறது. ரிப்பனை விரித்துப் பார்த்தாள். பிறகு என் சடையைப் பார்த்தாள். மீதி ரிப்பன் அங்கேதான் இருந்தது.

"இத சுத்துனது யாரு?" என்று சித்தப்பாவிடம் கேட்டாள். முந்திய சிரிப்பு இன்னும் அவள் முகத்தில் அப்படியே இருந்தது.

"மெக்கானிக்குங்க" என்றார் சித்தப்பா.

"மெக்கானிக்கா?"

"ஆமாங்க. வில்லியனூர்ல ஒருத்தன், அரகொறப் பய. நல்லா திட்டி வுட்டுட்டேன்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நானும் அடித்தேன். எங்கள் ரகசியம் பத்திரமாக இருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. அவள் அதையும் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை. வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்த டேப்பைக் கிழித்து அந்த வயரைச் சுற்றத் தொடங்கினாள், மற்ற வயர்களைச் சுற்றியதைவிட நிதானமாகச் சுற்றினாள். அந்தத் தகரக் கொட்டகைக்கு நான் மனதுக்குள் எத்தனையோ தடவை திரும்பிப் போயிருக்கிறேன். நான்தாங்க சுத்தினேன், டேப்பு தீந்துபோச்சு என்று அவர் சொல்லியிருந்தால் அவள் இன்னொரு தடவை சிரித்திருப்பாள், அவ்வளவுதான். அதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லையே என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரமாக வரும். அன்று நனைந்த சட்டையோடு அவர் நின்ற கோலம் நினைவுக்கு வந்தால் ஆத்திரம் போய் அழுகை வரும்.

பேட்டரியை மாட்டியதும் முன்விளக்கு இரண்டும் எரிந்தன. வெளிச்சம் எதிரே இருந்த கரும்புக் கொல்லைவரை போய், நனைந்த தோகைகளின் மேல் நின்றது. இண்டிகேட்டர் போட்டால் இண்டிகேட்டர், பிரேக்குக்குப் பிரேக் விளக்கு. கார் ஒருவழியாகத் தூக்கம் கலைந்திருந்தது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். சித்தப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை.

கிளம்பும்போது அம்மா என் தோளை இடித்து, "சித்திக்கு டாட்டா சொல்லு" என்றாள்.

"டாட்டா சித்தி" என்றேன்.

அவள் ஜன்னல் பக்கம் குனிந்தாள். பிழிந்து மடித்த ரிப்பனை என் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மூடினாள். "அக்கான்னே கூப்பிடு கண்ணு" என்று எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னாள்.

கார் திருப்பத்தைத் தாண்டியதும் நான் அதை எல்லோருக்கும் சொன்னேன். சித்தி இல்லயாம், அக்காவாம் என்றேன். "இப்பவே வயச கொறைக்கப் பாக்குது பாரேன்" என்று அம்மா சிரித்தாள், அப்பாவும் சிரித்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. நம் காரைச் சரிசெய்து கொடுத்தவள் நம் வீட்டுக்கு வராமல் வேறு எங்கே போய்விடுவாள்? ஊர் போய்ச் சேரும்வரை நாங்கள் இருட்டில் தடுமாறக் கூடாது என்பதற்காக மட்டும் ஒருத்தி இவ்வளவு பாடுபடுவாள் என்பது என் புத்திக்கு எட்டவில்லை. மழைவிட்ட சாலையில் விளக்கு பளிச்சென்று முன்னே போய்க்கொண்டிருந்தது. "இன்னா சொல்லிச்சி, இன்னொரு வாட்டி சொல்லு" என்று சித்தப்பா கேட்டுக்கொண்டே வந்தார். நான் சொல்லச் சொல்ல, எல்லோருக்கும் முன்னால் அவர்தான் சிரித்தார்.